சிலிகான் ஜெல் மார்பக இம்ப்ளான்ட்: எந்த வகைக்கு என்ன வித்தியாசம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்காவுக்கு 2016-ல் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை எடுத்தார்கள், அடுத்த வருஷம் அந்த இடத்தில் சிலிகான் இம்ப்ளான்ட் வைத்தார்கள். நான் டாக்டர் கிடையாது, ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்த தங்கச்சி. அந்த அலைச்சலில் படித்ததும், டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியதும்தான் இங்கே இருப்பது. சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் போன் போட்டு ஒரே கேள்விகளைக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் பிளாஸ்டிக் சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே என்னதான் இருக்கிறது?

இரண்டு பொருள்தான். வெளியே ரப்பர் மாதிரி இழுபடும் ஒரு சிலிகான் உறை, உள்ளே சிலிகான் ஜெல். உறையும் பல அடுக்காக இருக்கும், நடுவில் ஜெல் கசியாமல் தடுக்க ஓர் அடுக்கு. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வகை வகை என்று பேசும்போது எல்லோரும் ஜெல்லைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எவ்வளவு மென்மை, தொட்டால் எப்படி இருக்கும், எத்தனை சிசி (மில்லிலிட்டர் கொள்ளளவு). உறையின் மேற்பரப்பு எப்படிப்பட்டது என்று கேட்பவர் அரிது. நானும் அன்று கேட்கவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பது கீழே வரும்.

சலைன் இம்ப்ளான்டும் இதுவும் ஒன்றா?

இரண்டுக்கும் உறை சிலிகான்தான். சலைனில் உள்ளே உப்புநீர். பெரும்பாலும் காலியாக உள்ளே வைத்த பிறகுதான் நிரப்புவார்கள், அதனால் வெட்டும் இடம் சின்னதாக இருந்தால் போதும். உடைந்தால் ஓரிரு நாளில் வற்றி ஒரு பக்கம் தட்டையாகிவிடும், தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். குறை என்ன என்றால் தொட்டால் தண்ணீர்ப் பை மாதிரி தெரியும், ஒல்லியானவர்களுக்கு ஓரத்தில் சுருக்கம் சுருக்கமாகத் தெரியும். சிலிகான் தொடுவதற்கு இயல்பாக இருக்கும், ஆனால் உடைந்தால் காட்டிக்கொடுக்காது. அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., அழகுக்காக வைப்பதற்கு சலைனுக்கு 18 வயது, சிலிகானுக்கு 22 வயது என்று வரம்பு வைத்திருக்கிறது. மார்பகத்தை எடுத்தபின் மறுபடி உருவாக்குவதற்கு அந்த வயது வரம்பு இல்லை.

"கம்மி பேர்" இம்ப்ளான்ட் என்கிறார்களே, அது என்ன?

அது ஒரு கம்பெனியின் பெயர் இல்லை, செல்லப்பெயர். கம்மி பேர் என்பது வெளிநாட்டுக் கரடி மிட்டாய். அதை வெட்டினாலும் ஒழுகாது, வடிவம் அப்படியே நிற்கும். இன்று நல்ல கம்பெனிகள் விற்கும் ஜெல் எல்லாமே கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டு நிற்கும் ஜெல்தான், வித்தியாசம் பதத்தில் இருக்கிறது. பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும்: அதே சர்க்கரை, அதே தண்ணீர், கம்பிப் பதம் ஒன்று, உருண்டைப் பதம் ஒன்று. ஜெல்லில் சிலிகான் இழைகளை எவ்வளவு இறுக்கமாகப் பின்னுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பதம் மாறும்.

இளம் பதத்து ஜெல் நுங்கு மாதிரி. மிருது, அசைவு இயல்பு, ஆனால் மேல்பக்கம் கொஞ்சம் மடிந்து சுருக்கம் தெரிய வாய்ப்பு உண்டு. முற்றிய பதத்து ஜெல் கடுக்காய் ஆகப்போகிற நுங்கு. வடிவம் கலையாது, சுருக்கம் குறைவு, ஆனால் கைக்குக் கெட்டியாகத் தெரியும், உள்ளே நுழைக்கக் கொஞ்சம் நீளமாக வெட்ட வேண்டும். நடுத்தரப் பதமும் இருக்கிறது. மென்டர், அலர்கன் போன்ற கம்பெனிகள் தங்கள் ஜெல்லை இப்படி மூன்று பதமாகவே பிரித்து விற்கின்றன. சதை குறைவாக உள்ளவர்களுக்கும் மார்பகத்தை எடுத்தவர்களுக்கும் கெட்டிப் பதத்தை நிறைய டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம், மேலே மூட வெறும் தோல்தான் மிச்சம், உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடும் என்பதுதான்.

ஒரு விஷயம், இளம் பதம் என்றால் உடனே பழைய காலத்து ஜெல் என்று பயப்படாதீர்கள். 1970-களில் வந்தவை உண்மையிலேயே மெல்லிய உறை, நீர்த்த ஜெல். ஆகவே அவை நிறைய உடைந்தன, உடையாமலும் கசிந்தன. 80-களில் உறையில் தடுப்பு அடுக்கு வந்த பிறகுதான் அது குறைந்தது.

உறை வழவழப்பா, சொரசொரப்பா? எதைக் கேட்க வேண்டும்?

இதுதான் முக்கியமான கேள்வி.

எந்த வேற்றுப் பொருளை வைத்தாலும் உடம்பு அதைச் சுற்றி ஒரு சவ்வு கட்டும். சிலருக்கு அந்தச் சவ்வு இறுகி இம்ப்ளான்டை நெரிக்கும். உறையைச் சொரசொரப்பாகச் செய்தால் சவ்வு சீராக ஒரே திசையில் இறுக முடியாது, இம்ப்ளான்டும் இடம் நகராது என்று கணக்குப் போட்டார்கள். கணக்கு ஓரளவு சரியாகவும் வந்தது. பிறகுதான் வேறு ஒன்று முளைத்தது. சொரசொரப்பான உறை வைத்தவர்களில் மிகச் சிலருக்கு, பல வருஷம் கழித்து, அந்தச் சவ்வில் ஒரு வகை லிம்ஃபோமா வந்தது. சுருக்கப் பெயர் பி.ஐ.ஏ.-ஏ.எல்.சி.எல். இது மார்பகப் புற்றுநோய் இல்லை, நோய் எதிர்ப்பு மண்டலத்தில் வருகிற புற்றுநோய். எஃப்.டி.ஏ. இதைப் பற்றி முதலில் 2011-ல் பேசியது. 2019 ஜூலையில் அவர்கள் சொன்ன கணக்கு: உலகம் முழுக்க 573 பேர், 33 மரணம். அந்த 573-ல் 481 பேர் வைத்திருந்தது அலர்கன் கம்பெனியின் இம்ப்ளான்ட். அதன் பயோசெல் என்ற கரடுமுரடான உறை உள்ள எல்லாவற்றையும் கம்பெனி அந்த மாதம் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. பிரான்ஸ் அதற்கு முன்பே, ஏப்ரலிலேயே, ரொம்பக் கரடுமுரடான உறைகளையும் பாலியூரிதேன் நுரை பூசியவற்றையும் தடை செய்திருந்தது.

சொரசொரப்பிலும் ரகம் உண்டு. பயோசெல் உப்பைத் தூவி, பிறகு அதைக் கரைத்து எடுத்து, குழி குழியாகச் செய்தது. மென்டரின் சில்டெக்ஸ் அச்சு பதித்துச் செய்தது, அந்த அளவு கரடு இல்லை. அப்புறம் ஒரு கோஸ்டா ரிக்கா கம்பெனியின் மோட்டிவா என்ற இம்ப்ளான்ட், கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற, மிக நுண்ணிய நெளிவுள்ள உறையோடு வந்தது. எஃப்.டி.ஏ. அதை 2024 செப்டம்பரில் அனுமதித்தது. பாலியூரிதேன் நுரை தனி ரகம். சவ்வு இறுகுவது அதில் குறைவு என்று பிரேசிலிலும் ஜெர்மனியிலும் அதன் பக்கம் நிற்கும் சர்ஜன்கள் உண்டு, அமெரிக்காவில் 1991-லேயே சந்தையிலிருந்து போய்விட்டது.

என்னைக் கேட்டால் வழவழப்பான உறைதான், சொரசொரப்பு வேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஏன் என்று அவர் உட்கார்ந்து விளக்கும்வரை எழுந்து வராதீர்கள்.

ஏற்கெனவே சொரசொரப்பு வைத்திருக்கிறேன். எடுத்துவிட வேண்டுமா?

தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் பயத்துக்காக எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் எஃப்.டி.ஏ.-வின் நிலை. எடுப்பதும் ஒரு ஆபரேஷன், மயக்க மருந்து, தையல், எல்லாம் இருக்கிறது. ஆனால் வைத்துப் பல வருஷம் கழித்து ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கினால், கட்டி தட்டுப்பட்டால், வலித்தால், அன்றைக்கே போங்கள். சுற்றிச் சேர்ந்த நீரை ஊசியால் எடுத்து சிடி30 என்ற பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் இம்ப்ளான்டையும் சவ்வையும் முழுசாக எடுப்பதே பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையாகப் போதுமாகிவிடுகிறது.

உருண்டை நல்லதா, துளி வடிவம் நல்லதா?

துளி வடிவம் மேலே மெலிந்து கீழே பருத்திருக்கும். படத்தில் அழகாக இருக்கும். சிக்கல், அது உள்ளே திரும்பிக்கொண்டால் மார்பு கோணலாகிவிடும். உருண்டை சுற்றினாலும் உருண்டைதானே. திரும்பாமல் பிடித்து நிற்கத்தான் துளி வடிவங்களுக்குச் சொரசொரப்பு உறை போட்டார்கள், ஆக துளி வேண்டும் என்றால் கூடவே அந்த உறையையும் வாங்குகிறீர்கள். 2013-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்த அலர்கனின் 410 துளி வடிவம்தான், அதன் உறை பயோசெல், ஆறு வருஷத்தில் திரும்பப் பெறும் பட்டியலில் போய்விட்டது. உருண்டையையே வைத்தாலும் நிற்கும்போது ஜெல் கீழே இறங்கி ஓரளவு துளி மாதிரி ஆகிவிடும், இளம் பதத்தில் இன்னும் நன்றாக இறங்கும்.

எத்தனை சிசி வைக்க வேண்டும்?

தோழி 300 வைத்தாள், நன்றாக இருக்கிறது, எனக்கும் 300 என்று சொல்லாதீர்கள். அதே 300 சிசி ஒன்று அகலமாகவும் தட்டையாகவும் 13 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும், இன்னொன்று 11 சொச்சம் அகலத்தில் முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும். இந்தத் துருத்தலைத்தான் புரஃபைல் என்கிறார்கள்: மாடரேட், மாடரேட் பிளஸ், ஹை என்று போகும். நல்ல சர்ஜன் முதலில் டேப் எடுத்து மார்பின் அகலத்தை அளப்பார், தோலைக் கிள்ளி இழுத்து எவ்வளவு சதை இருக்கிறது என்று பார்ப்பார், சிசி கடைசியில்தான் வரும். அளக்காமலேயே "350 போட்டுடலாம் மேடம்" என்று ஒருவர் சொன்னார், நாங்கள் மரியாதையாகக் கும்பிட்டுவிட்டு வேறு இடம் பார்த்தோம். பிராவின் கப் அளவையும் சிசியையும் முடிச்சுப் போடாதீர்கள், இத்தனை சிசி-க்கு ஒரு கப் என்று எந்தக் கணக்கும் நிற்காது.

தசைக்கு மேலேயா கீழேயா?

சதை குறைவு என்றால் கீழே அல்லது பாதி கீழே, பாதி கீழே வைப்பதற்கு டூயல் பிளேன் என்று பெயர். ஓரம் தெரியாது, மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) கொஞ்சம் எளிது. முதல் வாரம் வலி அதிகம், கையை ஊன்றித் தள்ளும்போது மார்பு அசைவது தெரியும். மேலே வைத்தால் சீக்கிரம் ஆறும்.

இறுகிப்போய் கல் மாதிரி ஆகும் என்கிறார்களே?

ஆகும், சிலருக்கு. பேக்கர் அளவுகோல் என்று நாலு படி சொல்வார்கள். முதல் படி மென்மை, இரண்டில் கைக்குத் தெரியும் கண்ணுக்குத் தெரியாது, மூன்றில் வடிவமே மாறும், நாலில் வலியும் சேரும். மூன்றும் நாலும் என்றால் பெரும்பாலும் மறுபடி ஆபரேஷன்தான். ரேடியேஷன் வாங்கிய மார்பில் இது வருவது கூடுதல். புற்றுநோய்க்குப் பிறகு வைப்பவர்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள், ஏனென்றால் ரேடியேஷன் உண்டு என்று தெரிந்தால் சில டாக்டர்கள் இம்ப்ளான்டை விட்டுவிட்டு வயிற்றுச் சதையிலோ முதுகுச் சதையிலோ மார்பு செய்யலாம் என்பார்கள். அது பெரிய ஆபரேஷன், ஆனால் உங்கள் சதை உங்களோடு சேர்ந்து ஏறும், இறங்கும்.

உடைந்தால் தெரியுமா?

பெரும்பாலும் தெரியாது. ஜெல் சவ்வுக்குள்ளேயே நிற்கும், வடிவம் மாறாது, வலிக்காது. எம்.ஆர்.ஐ.-யில்தான் பளிச்சென்று தெரியும், உறை மடிந்து மடிந்து சேமியா மாதிரி மிதக்கும். அறிகுறி இல்லாவிட்டாலும் வைத்து 5-6 வருஷத்தில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 2-3 வருஷத்துக்கு ஒருமுறை என்று எஃப்.டி.ஏ. சொல்கிறது. நம் ஊரில் ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ. என்றால் கை கடிக்கும். அதனால் அல்ட்ராசவுண்டில் ஆரம்பித்து, சந்தேகம் வந்தால் எம்.ஆர்.ஐ. என்று அக்காவுக்குப் பேசி வைத்திருக்கிறோம்.

சிலிகான் உடம்புக்கே விஷம் என்று ஒரு பேச்சு இருக்கிறதே?

இந்தப் பேச்சுக்கு நீண்ட கதை உண்டு. முதல் சிலிகான் இம்ப்ளான்ட் 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிம்மி ஜீன் லிண்ட்சே என்ற பெண்ணுக்கு வைக்கப்பட்டது. அவர் போனது மார்பில் இருந்த பச்சையை அழிக்க. டாக்டர்கள் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டபோது, அப்படியானால் என் காதையும் சரிசெய்து கொடுங்கள் என்றாராம். பிறகு முப்பது வருஷம் சரியான பரிசோதனை இல்லாமலே லட்சக்கணக்கில் போனது. மூட்டு வாதம், தோல் நோய் என்று வழக்குகள் குவிந்தன, 1992-ல் எஃப்.டி.ஏ. நிறுத்தி வைத்தது, தயாரித்த டௌ கார்னிங் 1995-ல் திவால் மனு போட்டது. 1999-ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் எல்லா ஆய்வுகளையும் பார்த்து, உடம்பு முழுக்கப் பரவும் அந்த நோய்களுக்கு இம்ப்ளான்ட் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. 2006 நவம்பரில் மறுபடி அனுமதி வந்தது.

ஆனால் சோர்வு, மறதி, மூட்டுவலி என்று இன்றும் நிறையப் பெண்கள் சொல்கிறார்கள், எடுத்த பிறகு சரியாயிற்று என்றும் சிலர் சொல்கிறார்கள். இதை உறுதிப்படுத்த ஒரு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 2021-ல் எஃப்.டி.ஏ. கட்டம் போட்ட எச்சரிக்கையில் இந்த அறிகுறிகளையும் சேர்க்க வைத்தது. "எல்லாம் மனசுதான்" என்று சொல்கிற டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.

பிரான்சின் பி.ஐ.பி. கதை வேறு, அது நேரடி மோசடி. உடம்புக்கு அனுமதித்த ஜெல்லுக்குப் பதிலாகத் தொழிற்சாலைச் சிலிகானை நிரப்பி உலகம் முழுக்க விற்றார்கள். 2010-ல் பிடிபட்டது, நிறுவனர் ழான்-குளோத் மாஸுக்கு 2013-ல் நாலு வருஷச் சிறை. விலை மலிவாக இருக்கிறதே என்று பெயர் தெரியாத சரக்கை ஒத்துக்கொள்வதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் போனால் வெடிக்குமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? மேமோகிராம்?

வெடிக்காது. தாய்ப்பால் பலரும் கொடுக்கிறார்கள், காம்பைச் சுற்றி வெட்டியிருந்தால் பால் குறைய வாய்ப்பு உண்டு, இனி குழந்தை வேண்டும் என்பவர்கள் மார்புக்கு அடியில் மடிப்பில் வெட்டச் சொல்லிக் கேளுங்கள். மேமோகிராம் எடுக்கும் பெண்ணிடம் மெஷினுக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். இம்ப்ளான்டைப் பின்னால் தள்ளி, சதையை முன்னால் இழுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதலாக இரண்டு படம் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் பணக்காரர்களுக்குத்தானே?

2018-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தமிழ்நாடு அரசு இலவச மார்பகச் சிகிச்சை கிளினிக் தொடங்கி, அழகுக்காகக் கேட்பவர்களுக்கும் செய்வோம் என்றபோது ஊரே சண்டை போட்டது. அரசுப் பணத்தில் இது தேவையா என்று டிவியில் கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள் மாதிரித்தான் எனக்கு ஞாபகம். ஒரு பக்கம் இல்லாமல் ரவிக்கைக்குள் துணி அடைத்துக்கொண்டு வேலைக்குப் போனவளை நான் வீட்டிலேயே பார்த்தேன். சரி, அதை விடுங்கள்.

எத்தனை வருஷம் வரும்?

ஆயுசுக்கும் வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அழகுக்காக வைத்தவர்களில் 5-ல் ஒருவர் வரை 8-10 வருஷத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டிவருகிறது என்று எஃப்.டி.ஏ. சொல்கிறது. முதல் ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்கும்போதே இரண்டாவதையும் கணக்கில் வையுங்கள். கம்பெனி வாரண்டி என்பது பெரும்பாலும் உடைந்த இம்ப்ளான்டுக்குப் பதில் இம்ப்ளான்ட். ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையிலா என்று முதலிலேயே கேளுங்கள்.

இம்ப்ளான்ட் கார்டு என்கிறார்களே, அது எதற்கு?

2019 ஜூலையில் அந்தத் திரும்பப் பெறும் செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அன்று அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குள்ள இருக்கிறது எதுடி?" தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் "சிலிகான் இம்ப்ளான்ட் 300 சிசி, இடது" என்று ஒரு வரி. கம்பெனி இல்லை, உறை இல்லை, நம்பர் இல்லை. கார்டு கொடுத்ததாகவே ஞாபகம் இல்லை. ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார்.

ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியிலும் உரித்து ஒட்டும் ஸ்டிக்கர்கள் வரும், மாடல் எண், சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒன்று ஆபரேஷன் குறிப்பில் ஒட்டுவார்கள், ஒன்று உங்கள் கார்டில். உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியின் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் ஐ.பி. நம்பரைக் கொடுத்து, டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டாம், ஆபரேஷன் குறிப்பின் நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். நாங்கள் மூன்று தடவை நடந்தோம். மூன்றாவது தடவை அங்கே இருந்த ஓர் அம்மா, அவர்களே ஸ்டூல் போட்டு ஏறி, கட்டைப் பிரித்துத் தேடிக் கொடுத்தார்கள். மஞ்சளான தாளில் ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது. சொரசொரப்பு உறைதான், ஆனால் திரும்பப் பெற்ற பட்டியலில் அந்த எண் இல்லை.

அக்கா அதை லேமினேட் செய்து ஸ்மார்ட் கார்டோடு பர்ஸில் வைத்திருக்கிறாள். போன வருஷம் அல்ட்ராசவுண்டுக்குப் போனபோது எடுத்து நீட்டியிருக்கிறாள், ஸ்கேன் எடுக்கும் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை வைத்திருக்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றாளாம்.